பாட்ஸி வாயை மூடிய பதிமூன்று வருடம்

கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த எங்கள் தாத்தாக்கள் குடியேறிய கொரென்டைன் கரையில் ஊர்களுக்கு நம்பர்தான் பெயர், எங்கள் ஊர் அறுபத்தாறு. இங்கே யாருக்காவது யாரோடாவது சண்டை வந்தால் முதலில் ஆள் அனுப்புவது பாட்ஸிக்குத்தான். போலீஸ் எல்லாம் அப்புறம். பாட்ஸி வந்து வேலிக்கு இந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றாலே போதும், அந்தப் பக்கத்துக்காரர் மாட்டைப் பிடித்துக் கட்டுவார், வயலுக்குத் தண்ணீரைத் திருப்பி விடுவார், போன மழைக்கு இரவல் வாங்கிய ஏணியைக் கொண்டுவந்து சாத்துவார். அவள் கெட்ட வார்த்தை பேச மாட்டாள். அது சரக்கு இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பாள். எதிராளியின் நடை, உடை, அவன் வீட்டுச் சமையல், அவன் வளர்க்கும் நாய், அந்த நாயின் நடை என்று ஒவ்வொன்றாக எடுத்து, கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி உரித்துத் தொங்கவிடுவாள். திட்டு வாங்குகிறவனே சில சமயம் சிரித்துத் தொலைப்பான். சனிக்கிழமை மத்தியானம் வேலை இல்லாதவர்கள் அவள் வீட்டுப் பக்கம் சும்மா ஒரு நடை போய்வருவார்கள், ஏதாவது நடக்காதா என்று.

அப்பேர்ப்பட்டவள் பதிமூன்று வருடம் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்தில் இருந்து பார்த்த எங்களுக்கே நம்ப முடியவில்லை.

எல்லாம் தம்பியால் வந்தது. தேவ்நாரின் சைனாப்பென் என்று பெயர், ஊருக்கு டியோ. அம்மா போய்ச் சேர்ந்தபோது அவன் ஆறு வயதுப் பயல், பாட்ஸி கல்யாண வயதுப் பெண். அப்பா கரும்புத் தோட்டத்துக்கும் ரம் கடைக்கும் நடுவில் எங்காவது இருப்பார். ஆகவே டியோவைக் குளிப்பாட்டியது, சோறு போட்டது, பள்ளிக்கூடத்துக்கு விரட்டியது எல்லாம் பாட்ஸி. எல்லாவற்றையும் திட்டிக்கொண்டேதான் செய்தாள். "டேய், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கியேடா, நீ போறியா வர்றியான்னு வாத்தியாருக்குக் குழம்பிடாது?" என்று அவள் காலையில் போடும் சத்தத்தில் தெருவில் உள்ள மற்ற பிள்ளைகளும் தங்கள் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளும். டிராக்டர் ஓட்டும் ஹர்ரிலாலைக் கட்டிக்கொண்டபோதும் டியோவைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் போனாள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. யாராவது அதைப் பற்றி இழுத்தால், "ஒண்ணை வளர்த்ததுக்கே தொண்டை போயிடுச்சு, இன்னொண்ணு எதுக்கு?" என்பாள்.

டியோ வளர்ந்தான். நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போனான். அந்த நாட்டுக் குடிமகன் ஆன கையோடு அக்காவுக்கு ஸ்பான்சர் பேப்பர் போட்டான்.

"அக்கா, பேப்பர் போட்டாச்சு. உடன்பிறப்புன்னா வரிசை ரொம்ப நீளம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும்கறாங்க. அதுக்குள்ள செத்துகித்துத் தொலைச்சிடாத."

பாட்ஸி ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு நியூயார்க்கும் வேண்டாம், பனியும் வேண்டாம். டியோ இருக்கும் தெருவில் ஒரு வீடு வேண்டும். காலையில் ஜன்னலைத் திறந்து, அவன் வேலைக்குப் போவதைப் பார்த்து, "தொப்பி எங்கடா, மூளை உறைஞ்சு போகப் போகுது, இருக்கறதே கொஞ்சம்" என்று கத்த வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை.

மறுநாளே மூன்சாமி அண்ணன் வந்துவிட்டார். விசா விஷயத்தில் எங்கள் ஊரில் அவர் பெரிய கை. மூன்று தடவை அவருக்கு விசா மறுத்திருக்கிறார்கள். நான்காவதாக, தங்கை போட்ட ஸ்பான்சர் பேப்பரை அவளே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள். இவ்வளவு அனுபவம் ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

"அவ ஏன் பேப்பரைப் பிடுங்கினான்னு தெரியுமா?" என்றார், தூணில் கட்டிய ஊஞ்சல் வலையில் சாய்ந்துகொண்டு. "அவ மக கல்யாண வீடியோ அனுப்பினா. பாத்துட்டு, கேக்கு ஒரு பக்கமா சாஞ்சிருக்கேம்மான்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். உண்மையிலேயே சாஞ்சிருந்துச்சு பாட்ஸி."

"அதுக்காகவா?"

"அதுக்கேதான். ஒம்பது வருஷம் வரிசைல நின்னது ஒரு கேக்கோட போச்சு. இப்ப உன்னைப் பத்திச் சொல்லு. உன் வாய் பன்னிரண்டு வருஷம் தாங்குமா? பன்னிரண்டு நாள் தாங்காது. தம்பிகாரன் ஒரு தடவை மனசு நொந்தா போதும், ஒரு கையெழுத்து, பேப்பர் குப்பையில."

பாட்ஸிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இதற்கு முந்தின நாளாக இருந்தால் மூன்சாமி அண்ணனின் மூன்று மறுப்புகளையும் அவருடைய வழுக்கையையும் சேர்த்து ஒரு வழி பண்ணியிருப்பாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயில் டியோ வந்து நின்றான். மூடிக்கொண்டாள்.

"மரப்பட்டை போட்டு மாபி ஊற வச்சிருக்கேன், குடிக்கிறீங்களாண்ணே?" என்றாள்.

மூன்சாமி அண்ணன் ஊஞ்சல் வலையிலிருந்து விழப்பார்த்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தம்பியிடம் மட்டும் தணிந்து போனால் போதுமா என்றால், போதாது. ஊரில் பாதி குவீன்ஸுக்குப் போய்விட்டது, மீதிப் பாதி ஃபோனும் கையுமாக இருக்கிறது. இங்கே மத்தியானம் பாட்ஸி ஒருத்தியைப் பேசினால் அங்கே லிபர்ட்டி அவென்யூ மீன்கடையில் சாயங்காலம் அதைக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். டியோ காதில் விழாமல் இருக்குமா? ஆகவே ஊர் முழுவதற்கும் பாட்ஸி இனிமையாகிவிட்டாள். அவள் முற்றத்தில் அடுத்த வீட்டு ஆடு புகுந்து கத்தரிச் செடியை மேய்ந்தால், "பாவம், பசி" என்றாள். ஊருக்கு இதில் பெரிய நஷ்டம். இரவல் போன ஏணிகள் திரும்பவே இல்லை.

அதிகம் பயந்தது ஹர்ரிலால்தான். இருபது வருடமாக "யோவ்" என்று கூப்பிட்டவள் திடீரென்று "ஏங்க" என்றாள். "ஏங்க, சாப்பிட வரீங்களா?" என்று அவள் கேட்ட அன்று அந்த மனுஷன் சாப்பிடவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன செய்யுது?" என்று டாக்டர் கேட்டார்.

"மரியாதையா பேசறா டாக்டர்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா. இதுக்கு முன்னாடி இப்படி வந்ததே இல்ல."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். அது கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தது. இருக்காதா? உள்ளே போன திட்டெல்லாம் எங்கே போகும்? அதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் பாட்ஸி வாத்து வளர்த்தாள். அதில் பெரிய ஆண் வாத்து ஒன்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாட்டாமை மாதிரி நடக்கும். தினமும் மத்தியானம் தீனி போடுகிற சாக்கில் போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஊரில் யார் யாரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாளோ அவர்களுக்குச் சேர வேண்டியதையெல்லாம் அந்த வாத்திடம் கொடுத்துவிட்டு வருவாள். வாத்து தலையைச் சாய்த்துக் கேட்கும். பதில் பேசாது. இதைவிட நல்ல ஆள் ஊரில் கிடையாது.

மூன்றாம் வருடம் டியோ ஊருக்கு வந்தான். விமானத்திலிருந்து இறங்கும்போதே இந்த வெயிலில் தோல் ஜாக்கெட். பாட்ஸி பார்த்தாள். 'என்னடா இது, அடுப்பை மாட்டிக்கிட்டு வந்திருக்க?' என்று தொண்டை வரை வந்தது.

"வாங்க தம்பி. ஜாக்கெட் ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

டியோ அவளை ஒரு மாதிரி பார்த்தான். "என்னக்கா, வாங்க போங்கன்னுகிட்டு?"

"மரியாதைதானே தம்பி."

இரண்டு நாள் கழித்து அவன், "எனக்கு பாட்டில் தண்ணிதான் ஒத்துக்கும்" என்றான். பிறந்ததிலிருந்து தொட்டித் தண்ணீரை, அதில் செத்துக் கிடந்த பூச்சியை ஊதிவிட்டுக் குடித்தவன். ஹர்ரிலால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "பாட்டில்தான் தம்பி சுத்தம்" என்று அவள் கடைக்கு நடந்தாள். அதற்கு மறுநாள் அவன் கால்வாய்ப் பக்கம் கையை நீட்டி, "அந்தப் பெரிய வாத்தை அடிச்சுக் குழம்பு வையேன்" என்றான். பாட்ஸி அந்த வாத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். வாத்திடம் போய் என்ன சொன்னாள் என்று தெரியாது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மசாலா அரைத்து, மிளகாய் கிள்ளிப்போட்டு, மத்தியானம் முழுக்க நின்று சமைத்தாள். கொரென்டைன் கரையில் பாட்ஸியின் வாத்துக் குழம்புக்கு மேல் குழம்பு கிடையாது. டியோ ஒரு வாய் சாப்பிட்டான். பையிலிருந்து தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்தான். குழம்பின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மூன்சாமி அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"எப்படிக்கா, சாஸ் போட்டா டேஸ்ட் தூக்குதுல்ல?" என்று டியோ அவள் முகத்தையே பார்த்தான்.

பாட்ஸியின் கழுத்து நரம்பு இரண்டு விரல் தடிமனுக்குப் புடைத்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்குங்க தம்பி" என்றாள்.

அடுத்த தடவை வந்தபோது, வீட்டின் முன்னால் நின்ற நாவல் மரத்தை ஆள் வைத்து வெட்டினான். வீடு ஃபோட்டோவில் தெரியவில்லையாம். அந்த மரத்துப் பழத்தில்தான் பாட்ஸி வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவாள், தெருவே குடிக்கும். "இப்பதான் தம்பி காத்து வருது" என்றாள். அதற்கும் அடுத்த தடவை, அவளும் ஹர்ரிலாலும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். கத்தரிக்காய் நிறம். படி, தூண், ஜன்னல், நாய்க்கூண்டு எதையும் விடவில்லை. அன்றைக்கு ஊரே திரண்டு வந்து ரோட்டில் நின்றது. இன்றைக்காவது வெடிப்பாள் என்று ரம் பாட்டில் பந்தயம் கட்டியிருந்தார்கள். பாட்ஸி மினிபஸ்ஸிலிருந்து இறங்கினாள். பார்த்தாள். ஹர்ரிலாலின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் கையில் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

"தூரத்துலேர்ந்தே நம்ம வீடுன்னு தெரியுது தம்பி" என்றாள்.

ஒவ்வொரு தடவையும் டியோ இப்படி ஒன்றைச் செய்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் ஏதாவது நல்லதாகச் சொன்னதும் முகம் தொங்கிப்போகும். சொன்ன தேதிக்கு முன்னாலேயே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். விசா வாங்கித் தருகிற திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாட்ஸிக்கு அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. 'இவ்வளவு தணிஞ்சு போயும் அவனுக்குத் திருப்தி இல்லையே, இன்னும் எப்படித் தணியறது' என்று ஹர்ரிலாலை எழுப்பிக் கேட்பாள். அதற்குப் பிறகு வாழ்த்து அட்டை அனுப்பினால்கூட "மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு" என்று எழுதினாள். பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்தால் ஒரு முழம் தள்ளி, கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பதிமூன்றாம் வருடம் தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது.

மூன்சாமி அண்ணன் மூன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாடம் நடத்தினார். தானே அதிகாரியாக முட்டைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பியோட சண்டை போட்டதுண்டா?"

"சின்ன வயசுல கொஞ்சம்..."

"போச்சு! விசா போச்சு! சண்டைன்னு சொன்னா, இந்தக் குடும்பம் அங்க போய் ஒருத்தரை ஒருத்தர் நடுத்தெருவுல விட்டுடும்னு எழுதிடுவாங்க. சண்டையே கிடையாது. அவன் தங்கம். நீ அதட்டினதுகூட இல்ல. எங்கே, சொல்லு."

"அவன் தங்கம்."

"அவர்!"

"அவர் தங்கம்."

ஊர் முழுவதும் இதைத்தான் சரி என்றது. எங்கள் ஊரில் யாருக்கு நேர்முகம் வந்தாலும் இதைத்தான் சொல்லி அனுப்புவோம். அதை அப்படியே ஒப்பித்த ஒருத்தருக்கும் விசா கிடைத்ததில்லையே, கிடைத்ததெல்லாம் மறந்துபோய் உளறினவர்களுக்குத்தானே என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

டியோவும் அதற்கென்றே விமானம் ஏறி வந்தான். விடிவதற்கு முன்னால் மினிபஸ் பிடித்து, பாலம் தாண்டி, தலைநகர் ஜார்ஜ்டவுனில் தூதரகம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்பான்சர் பண்ணினவரும் வந்திருந்தால் உள்ளே வரலாம் என்று சொன்னதால் மூன்று பேரும் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது ஒரு இளம் பெண் அதிகாரி. காகிதங்களையும், உறவுக்கு அத்தாட்சியாக வைத்திருந்த ஃபோட்டோ, வாழ்த்து அட்டைகளையும் புரட்டினாள். பாட்ஸியின் பிறப்பைப் பதிந்ததே அவள் வளர்ந்த பிறகுதான், கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் பிறந்த பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் அதிகாரிக்கு அது உறுத்தியது. டியோவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பாட்ஸியைக் கேட்டாள்.

"உங்க தம்பி சின்ன வயசுல எப்படி?"

"தங்கம், மேடம்."

"குறும்பு?"

"அவருக்குக் குறும்புன்னா என்னன்னே தெரியாது."

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதே இல்லையா?"

"நான் அவரை அதட்டினதுகூட இல்ல மேடம்."

பக்கத்தில் ஹர்ரிலாலுக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை.

பிறகு அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு டியோவைக் கூப்பிட்டாள்.

"அக்கா உங்களை எப்பவாவது அடிச்சிருக்காங்களா?"

"எதால அடிச்சதைக் கேக்கறீங்க?" என்றான் டியோ. "கரண்டியா, விளக்குமாறா, செருப்பா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். மூன்று பேரையும் சேர்த்து நிற்க வைத்தாள்.

"நீங்க சொல்றதும் அவங்க சொல்றதும் ரெண்டு வேற வீட்டுக் கதை. ஃபோட்டோவுல பாத்தா ஒரு முதலாளியும் அவர்கிட்ட வேலை செய்யற அம்மாவும் மாதிரி நிக்கறீங்க. கார்டுல 'மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு'. எனக்கும் ஒரு தம்பி இருக்கான். எந்த அக்கா இப்படி எழுதுவா? மன்னிக்கணும், நீங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்கன்னு என்னால நம்ப முடியல."

பாட்ஸி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பதிமூன்று வருடம், ஒரு வாத்து, ஒரு நாவல் மரம் எல்லாம் போனது இதற்காகவா? டியோ அவள் பக்கம் குனிந்தான்.

"அக்கா, உள்ளதைச் சொல்லு."

"நீங்க என்ன சொன்னாலும் சரிதான் தம்பி" என்றாள் பாட்ஸி.

டியோ அவளைப் பார்த்தான். அழுதுவிடுவான் போல இருந்தது. பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மேடம், நான்தான் பொய் சொல்லிட்டேன். இவங்க சொல்றதுதான் நிஜம். இவங்க என்னை அடிக்கல. சொல்லப்போனா நான்தான் இவங்களை வளர்த்தேன்."

பாட்ஸி நிமிர்ந்தாள்.

"சமையல் எல்லாம் நான்தான். இவங்களுக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது."

ஹர்ரிலால் மெதுவாக ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"ஜுரம்னா ராத்திரி பூரா முழிச்சிருந்தது நான். ஏன், ஒரு தடவை கால்வாயில விழுந்தேன். இவங்க கரையில நின்னு வேடிக்கை பாத்தாங்க. நானே நீந்தி வெளிய வந்தேன்."

"யாருடா நீந்துனது?"

சத்தம் கூரையில் போய் மோதியது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"யாருடா நீந்துனது? நீயா? டேய், கல்லு மிதந்தாலும் நீ மிதப்பியாடா? தலைகீழா சேத்துல குத்தி, ரெண்டு காலும் வெளியில, காயப்போட்ட துணி கணக்கா ஆடிக்கிட்டுக் கெடந்தியே, யாருடா இழுத்துப் போட்டது? கால்வாய் மீனா? கட்டியிருந்த புதுப் பாவாடையோட குதிச்சேன்டா நான்! அந்தப் பாவாடையை வெட்டித்தான் உனக்குக் கால்சட்டை தச்சேன், அதையும் மரத்துல ஏறிக் கிழிச்சிட்டு, குரங்கு கிழிச்சிதுன்னு சொன்ன! ஜுரத்துக்கு முழிச்சிருந்தானாம்! உனக்கு ஜுரம் வந்தா ஊரே முழிச்சிருக்கும்டா, அந்த மாதிரி ஊளை! வளர்த்தானாம் வளர்த்தான்! பன்னிரண்டு வயசு வரைக்கும் மூக்கு எங்க முடியுது, வாய் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம திரிஞ்ச பய, நீ என்னை வளர்த்தியா?"

"பாட்ஸி..." என்றார் ஹர்ரிலால்.

"யோவ், நீ சும்மா இரு! சமையலைப் பத்திப் பேசறான் பாரு! வாத்துக் குழம்புல தக்காளி சாஸ் ஊத்தித் தின்னவன்! அந்த வாத்து மட்டும் உசிரோட இருந்திருந்தா சட்டியிலேர்ந்து எந்திரிச்சு வந்து உன் மூக்கைக் கொத்தியிருக்கும்டா! நாவல் மரம் உன்னை என்னடா பண்ணிச்சு? ஃபோட்டோவுல வீடு தெரியணுமாம், உன் மூஞ்சி தெரியுதே, அதுக்கு எதை வெட்றது? அப்புறம் அந்தக் கத்தரிக்காய்க் கலரு! போற வர்ற மினிபஸ் எல்லாம் நின்னு, இங்க என்ன கடைன்னு கேக்குது! நாய் கூண்டுக்குள்ள போக மாட்டேங்குதுடா, வெக்கப்பட்டுக்கிட்டு!"

காவலாளி ஒருவர் அவளை அடக்க வந்தவர், வந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பாட்ஸி மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்போதுதான் கண்ணாடி கண்ணில் பட்டது. அதற்குப் பின்னால் அதிகாரி. தான் எங்கே நிற்கிறோம் என்பது கால் வழியாக ஏறி வந்தது. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சு" என்றாள் மெதுவாக. "எல்லாம் போச்சு. தம்பி, மன்னிச்சிடுங்க..."

"ஐயோ அக்கா, மறுபடி ஆரம்பிக்காத!" என்றான் டியோ. கன்னமெல்லாம் கண்ணீர் அவனுக்கு. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

அதிகாரி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்து, முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு கேட்டாள்: "திட்டி முடிச்சாச்சாம்மா, இல்ல இன்னும் இருக்கா?"

"இன்னும் நிறைய இருக்கு மேடம்." பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"அப்ப அதை வெளியில போய் முடிச்சுக்குங்க. எனக்கு இது போதும். பாஸ்போர்ட் ரெண்டும் இங்கேயே இருக்கட்டும், விசா ஒட்டித் தரோம்."

வெளியே நடைபாதையில் இளநீர் விற்கிற வண்டியின் நிழலில் பாட்ஸி உட்கார்ந்தாள். ஹர்ரிலால் இளநீர் வாங்கப் போனார். டியோ அவள் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், நாற்பது தாண்டியவன்.

"அக்கா, நீ ஏன் பதிமூணு வருஷமா என்னைத் திட்டல?"

"திட்டினா நீ பேப்பரைப் பிடுங்கிடுவியே."

"நானா?" அவன் வாய் பிளந்தான். "உன் பேப்பரையா? அது எனக்குக் கனவுல கூட வரலையே அக்கா! நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்னை நீ வெறுத்துட்டேன்னு நினைச்சேன். விட்டுட்டுப் போயிட்டான்னு கோபம், இனிமே அவன் யாரோன்னு வச்சிட்ட. ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவையாவது ஒரு வார்த்தை திட்டுவியான்னுதான் வந்தேன். அந்த ஊர்ல எல்லாரும் மிஸ்டர் சைனாப்பென் மிஸ்டர் சைனாப்பென்னு ரொம்ப மரியாதை. டேய்னு கூப்பிட ஒரு நாதி இல்ல. இங்க வந்தா நீயும் வாங்க தம்பிங்கற. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

பாட்ஸிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப அந்த சாஸு?"

"வேணும்னேதான். வாந்தி வந்துடுச்சு அக்கா. பின்னாடி போய் எடுத்தேன்."

"மரம்?"

"நீ கத்துவேன்னு நினைச்சேன். முதல் வெட்டுலயே கத்துவ, நிறுத்திடலாம்னு. நீ கத்தவே இல்ல. அவன் வெட்டி முடிச்சிட்டான்."

"பெயிண்டு?"

"கடைக்காரனே வேணாம்னு சொன்னான்."

பாட்ஸி அவன் தலையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். அவள் வளர்த்த பிள்ளை, அவளிடம் ஒரு வசவு வாங்க விமானம் ஏறி ஏறி வந்து வெறுங்கையோடு போயிருக்கிறான். எத்தனை நாள் எவ்வளவு அழகாகத் திட்டியிருக்கலாம். நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. அழுதாள். அழுதுகொண்டே கைப்பையால் அவன் முதுகில் நாலு வைத்தாள்.

"ஃபோனை எடுத்து, அக்கா என்னைத் திட்டுன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையாடா, மடப்பயலே?"

"கேட்டா வாங்க முடியும் இதை?" என்றான் டியோ, முதுகைத் தடவிக்கொண்டு.

திரும்பும்போது மினிபஸ்ஸில் மூவரும் பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வண்டியில் பாட்டு காதைப் பிளந்தது. பாட்ஸி அதற்கும் மேலே குரலை ஏற்றி, தோல் ஜாக்கெட்டில் தொடங்கினாள். பாதி வழியில் டிரைவர் பாட்டை அணைத்தார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். தங்கள் ஊர் வந்தும் ஒருத்தரும் இறங்கவில்லை. டியோ அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் கண்ணைத் திறந்தான்.

"பாட்டில் தண்ணியை விட்டுட்டியே அக்கா" என்றான்.

"வரேன்டா, வரேன்" என்றாள் பாட்ஸி.